சின்னம்மா பழம் போட்ட யானை

என் வயதுக்காரர்களே, போன மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தை யானை பார்க்கப் போய்விட்டு வந்தாள். வாசலில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு யானையைப் பார்த்துவிட்டு, "அது என்னையே பாத்துச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில், கூலிக்காரர்களின் லய வீடுகளில் வளர்ந்த நமக்கு யாரய்யா சீட்டுக் கொடுத்தார்கள்? யானை தானே வந்தது. எங்கள் வீட்டு அடுப்படிவரை வந்து உப்புப் பானையையும் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கதையைத்தான் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எங்கேயாவது தடம் மாறிப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இந்த வயதுதானே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் பெரிய வெள்ளம் வந்ததே, அதற்கு முந்தின வருஷம் அது. ரப்பர் விலை ஏறி, தோட்டத்துத் துரை முகத்தில் சிரிப்பைப் பார்த்த வருஷம் என்றால் உங்களுக்குச் சுலபமாக நினைவு வரும். எனக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம்தான் என் சித்தப்பா ஊருக்குப் போய்க் கல்யாணம் முடித்து, சின்னம்மாவோடு கப்பலில் வந்து இறங்கினார்.

சின்னம்மா தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கோயிலூர்க்காரி. அவள் பிறந்த தெரு வழியாகத்தான் கோயில் யானை தினமும் ஆற்றுக்குக் குளிக்கப் போகுமாம். அதன் மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் அவர்கள் வீட்டில் உலை வைப்பார்களாம். பழம் கொடுத்தால் தும்பிக்கையைத் தலையில் வைத்து ஆசீர்வாதம் செய்யுமாம். அப்படி வளர்ந்தவளைக் கொண்டுவந்து எங்கள் லயத்தில், சேறும் கொசுவும் புகைக்கூடத்து ரப்பர் வாடையும் நிறைந்த இடத்தில் விட்டால் என்ன செய்வாள்? அழுதிருந்தாலாவது அம்மா ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பாள். சின்னம்மா அழவில்லை. வேலை முடிந்து வந்தால், ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பச்சைப் பெயின்டில் தாமரை வரைந்த பெட்டி அது. பின்னால் அது எங்கே போனதென்றே தெரியவில்லை, ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு மாறியிருக்க வேண்டும்.

"ஊரு ஏக்கந்தான். ஒரு தீவாளி போனா சரியாப் போயிரும்" என்பார் அப்பா. எதற்கும் ஒரு தீபாவளியைக் கெடு வைப்பது அவர் வழக்கம்.

எங்கள் தோட்டத்து எல்லையில் தண்ணீர் வடிய ஒரு பெரிய கான் வெட்டியிருந்தார்கள். அதில் ஆள் இறங்கினால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். கானுக்கு அந்தப் பக்கம் காடு. காட்டைத் தாண்டி ஆற்றோரத்தில் மலாய்க்காரர்களின் கம்பம், அதாவது அவர்கள் கிராமம். அந்தக் காடு யாருடையது, யார் காக்கிறார்கள் என்று லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை. தினமும் ஒரு ஆள், இடுப்பில் வெட்டுக்கத்தியோடு, காட்டோரமாக மெதுவாக நடந்து போவார். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். "வேலவெட்டி இல்லாத பசங்க, காலாற நடக்குறானுங்க" என்று எங்கள் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யானை முதலில் வந்தது ஒரு பிற்பகலில். ரப்பர்ப் பால் எடுத்து முடித்துவிட்டுப் பெண்கள் கானோரம் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துப் புதர் அசைந்தது, ஒரு பெரிய தலை வெளியே வந்தது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி, உடம்பெல்லாம் செம்பட்டை மயிரோடு. பெண்கள் துணியைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். அம்மா என்னை இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். சின்னம்மா மட்டும் ஓடவில்லை. மடியில் வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து, ஏதோ அவள் வீட்டு வாசலில் நிற்பவள்போல, கானைத் தாண்டி எறிந்தாள். யானை மோந்து பார்த்தது. பிறகு எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. சின்னம்மா கைதட்டிச் சிரித்தாள். வந்து இறங்கியதிலிருந்து அவள் பல்லை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. திட்ட வேண்டிய அப்பா, மறுநாள் ஒரு தாறு வாழைப்பழத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "கானத் தாண்டியா வரப்போவுது? புள்ள சிரிக்குதுல்ல" என்றார். இப்போது யோசித்தால், வீட்டில் ஒருத்தி சிரிக்க வேண்டும் என்பதற்காகக் காட்டு யானைக்குப் பந்தி வைத்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எங்கள் குடும்பத்தோடு அது நின்றதா? பிள்ளையார் சதுர்த்தி வந்தது. தோட்டத்துக் கோயிலில் ஒரு மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கல் பிள்ளையார் இருந்தார். நடமாடுகிற பிள்ளையார் இருக்கும்போது அவரை யார் சீந்துவார்கள்? லயமே திரண்டு கானோரம் போனது. மண்டோர், அதாவது வேலை வாங்குகிற எங்கள் கங்காணி, ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தார். அவல், பொரி, தேங்காய், வெல்லம், கொழுக்கட்டை எல்லாவற்றையும் வாழை இலையில் வைத்துப் பலகை போட்டு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். தப்பு அடித்தார்கள், மணி ஆட்டினார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். "காட்டு மிருகம் கண்டியளோ, விளையாட்டு வேண்டாம்" என்று ஒரு தரம் சொல்லிவிட்டு, பின்னாலேயே தன் வீட்டு மோதகத்தை ஆள் மூலம் அனுப்பிவைத்தார்.

யானையும் குட்டியும் வந்து சாப்பிட்டன. கரும்பு முறிபடும் சத்தம் இந்தப் பக்கம் கேட்டது. வெல்லத்தைக் குட்டி வாயில் போட்டுவிட்டு, தாயின் வயிற்றில் முகத்தைத் தேய்த்தது. தப்புச் சத்தத்துக்குப் பயந்து ஓடாத காட்டு யானையைப் பார்த்து எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தப்பு, மணி, படையல். சின்னம்மா லயத்தில் பெரிய மனுஷியாகிவிட்டாள். குளித்து, தலை முடிந்து, பழத்தட்டோடு அவள் நடந்து போனால் வயதானவர்கள்கூட வழி விடுவார்கள். தட்டை வைத்துவிட்டு வரும்போது என்னிடம் ஊர்க்கதை சொல்லத் தொடங்கினாள். எனக்கு அவளை அப்போது மிகவும் பிடித்துப்போயிற்று, அவள் பின்னாலேயே அலைந்தேன்.

பிறகு சம்பளம் தள்ளிப்போன ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. யார் வீட்டிலும் பழம் இல்லை. தப்பை மட்டும் அடித்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சாமிக்கு அது போதும், யானைக்குப் போதுமா? காத்திருந்து பார்த்துவிட்டு, மழையில் கரை சரிந்திருந்த இடத்தில் இறங்கி, ஏறி, இந்தப் பக்கம் வந்துவிட்டது. புதிதாக வைத்திருந்த ரப்பர்க் கன்றுகளைக் குட்டி பிடுங்கி விளையாடியது. தாய் எங்கள் அடுப்படிக் கூரையை விலக்கித் தும்பிக்கையை உள்ளே விட்டு உப்புப் பானையைத் தூக்கியது. அம்மா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தத் தும்பிக்கை அவள் தலைக்கு மேலே போய்வந்ததைச் சாகும்வரை சொன்னாள். அடுத்தடுத்த நாட்களில் கம்பத்து வாழைத் தோட்டமும் போயிற்று.

மண்டோருக்கு ஒரு யோசனை வந்தது. தப்பு, தகரம், மணி எல்லாவற்றையும் ஒன்றாக அடித்து விரட்டலாம் என்றார். லயமே கூடி அடித்தது. யானை காதை விசிறிக்கொண்டு ஓடி வந்தது, படையலுக்குத்தான்! எல்லாரும் தகரத்தைப் போட்டுவிட்டு ஓடினோம். மண்டோர் ஏறிய ரப்பர் மரத்திலிருந்து அவரை இறக்க ஏணி கொண்டுபோக வேண்டியிருந்தது. மண்டோர் அறிவை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய, எங்கள் எல்லாருக்கும் அவ்வளவுதான் இருந்தது.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும்போது கிராணியார் துரையின் முடிவைச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்கோ. கோலாலம்பூரிலை இருந்து வெடி வைக்கிற வெள்ளைக்காரர் ஒருத்தர் வாறார். கானுக்கு இஞ்சாலை கால் வைக்கிற யானையைச் சுட அவருக்கு உத்தரவு இருக்கு. அங்காலை நிண்டால் தொடேலாது. ஒருத்தரும் அந்தப் பக்கம் போகப்படாது. விளங்கிச்சோ?"

"குட்டிய என்னா செய்வாங்க, ஐயா?" சின்னம்மாதான் கேட்டாள். ஆண்கள் நிற்கும் இடத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் முறை.

கிராணியார் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து சின்னம்மா சோற்றைத் தொடவில்லை. "அது பாட்டுக்கு அங்க இருந்துச்சு. நாந்தான் பழத்தப் போட்டு வரவெச்சேன். சாமியக் கூப்புட்டுவெச்சு சுடக் குடுத்த பாவம் எந்தச் சென்மத்துல போவும், சொல்லு?" என்று என்னிடம் கேட்டாள். என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? கூடச் சேர்ந்து அழுதேன். சித்தப்பா நல்ல மனிதர், ஆனால் பேச்சு வராது. சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார், ஆறிப்போனதும் எடுத்துக்கொண்டு போவார்.

அப்போதுதான் மாக்சிக் வந்தாள். லயத்துக்கு மீன் கொண்டுவரும் மலாய்க்காரப் பெண்மணியை நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் தமிழை எங்களிடமே மீன் விற்றுக் கற்றுக்கொண்டவள். அன்றைக்குக் கூடையில் மீன் இல்லை.

"தங்காச்சி, எங்க கம்பத்துல உன்னக் கூப்புட்றாங்க. உன்னத்தான்."

அவர்கள் வாழையெல்லாம் அழிந்துபோனது எங்களுக்குத் தெரியும். "எதுக்கு?" என்று அப்பா முன்னால் வந்து நின்றார்.

"நல்லதுக்குலா. சண்டைக்கு இல்ல. நான் இருக்கேன்லா."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் சின்னம்மா எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டாள். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. என் கையைப் பிடித்தாள். விடவே இல்லை, அதனால் நானும் போனேன். சித்தப்பா எங்களுக்குப் பின்னால் வந்தார்.

கானைக் கடக்க ஒரு மரக்கட்டையைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் காடு தொடங்கும் இடத்தில், வெட்டுக்கத்தியோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நாங்கள் யார், எதற்குப் போகிறோம், கையில் என்ன இருக்கிறது என்று மாக்சிக்கிடம் கேட்டார். "இன்னிக்கு இவங்க வீட்டு முறை. நேத்து எங்க வீடு" என்றாள் மாக்சிக். அப்போதுதான் விளங்கியது. நாங்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று சொன்னோமே, அவர்கள் எல்லாரும் காவல் முறைக்காரர்கள். கம்பத்தில் எத்தனை வீடு உண்டோ அத்தனை வீட்டுக்கும் முறை உண்டு. பிரம்பு வெட்டப் போகிறவர் முறைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், வெட்டியதைத் திரும்பி வரும்போது காட்ட வேண்டும். இந்த வருஷம் இந்தப் பக்கம் வெட்டினால் அடுத்த வருஷம் அந்தப் பக்கம். பறவை கூடு வைத்த மரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. முதலில் உதிர்கிற பழம் மிருகங்களுக்கு, பிறகுதான் மனிதர்களுக்கு.

"உள்ள போனா யானைன்னு பேர் சொல்லாத. பெரியவங்கன்னு சொல்லு" என்றாள் மாக்சிக். சின்னம்மா தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் புதிதாகப் படவில்லை, அவளும் அதைச் சாமி என்றுதானே சொல்வாள்.

ரப்பர்த் தோட்டத்தின் நிழல் உங்களுக்குத் தெரியும், மரமெல்லாம் வரிசையில் நிற்கும், சத்தமே இருக்காது. இந்தக் காட்டில் எல்லாம் பேசிக்கொண்டிருந்தன. காலடியில் ஈர இலை, மேலே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக. தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடியது. ஒரு கிளையில் சாம்பல் நிறக் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒன்றின் மடியில் குட்டி, அது மட்டும் சாமந்திப்பூ நிறம்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். வளர வளரச் சாம்பல் ஆகிவிடுமாம். ஆற்றில் நீர்நாய்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடின. சருகுமான் ஒன்று, பூனை அளவுகூட இராது, எங்களைப் பார்த்து முன்னங்காலைத் தூக்கியபடி நின்று, பிறகு இல்லாமல் போனது. பயந்துகொண்டே வந்த சின்னம்மாவும் ஒவ்வொன்றுக்கும் நின்றாள். சித்தப்பா மட்டும் அட்டை கடித்த காலைச் சொறிந்துகொண்டே வந்தார்.

ஓரிடத்தில் மாக்சிக் எங்களை நிறுத்தி மேலே காட்டினாள். பெரிய மரப்பொந்து, மண் பூசி அடைத்திருந்தது, நடுவில் ஒரு சின்ன இடுக்கு. காற்றைக் கிழிக்கும் சத்தத்தோடு பெரிய அலகுள்ள பறவை ஒன்று வந்து இறங்கி, அந்த இடுக்கு வழியாக உள்ளே பழம் ஊட்டியது.

"உள்ள யாரு?" என்றாள் சின்னம்மா.

"பொம்பள. முட்ட இருக்குலா. குஞ்சு பெருசாகுற வரைக்கும் உள்ளதான்."

சின்னம்மா சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அடச்சுவெச்சிட்டு சோறு மட்டும் குடுக்குறாரு" என்றாள். சித்தப்பா சொறிவதை நிறுத்தினார். பல நாளுக்குப் பிறகு அவள் செய்த முதல் கேலி அது. எனக்கு உயிர் வந்தது.

சேற்றுக் குட்டை ஒன்றைச் சுற்றிப் பெரிய காலடிகளும், அவற்றை ஒட்டிச் சின்னக் காலடிகளும் கிடந்தன. சின்னம்மா குனிந்து சின்னக் காலடிக்குள் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

கம்பத்தில் எங்களுக்குத் திட்டு விழும் என்று நினைத்தால், புதுப் பாய் விரித்திருந்தார்கள். இளநீர் கொடுத்தார்கள். பெண்கள் சின்னம்மாவைச் சுற்றி நின்று அவள் கைகளை உற்றுப் பார்த்தார்கள். கம்பத்துத் தலைவர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லி மனிதர். அவர் மரியாதையாக நிறையப் பேசினார். மாக்சிக் சொன்னாள்:

"தங்காச்சி, நீ பெரியவங்களுக்குச் சோறு போட்டத நாங்க மரத்துப் பின்னாடி நின்னு பாத்தோம். உங்க ஊர்ல பெரியவங்களுக்குப் பேச்சு சொல்லிக் குடுப்பாங்களாம். உக்காருன்னா உக்காரும், போன்னா போகும். உனக்கு அந்தப் பேச்சு தெரியும்லா? நீ அதுகிட்டச் சொல்லு, ஆத்துப் பக்கம் திரும்பிப் போகச் சொல்லு."

அவள் யானையைப் பழக்குகிற குலத்துப் பெண் என்று அந்தக் கம்பமே நம்பியிருந்தது! கானோரம் நடந்த படையலை அவர்கள் ஏதோ பயிற்சி என்று நினைத்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கோ அந்தப் பாயும் இளநீரும் தலைக்கு ஏறிவிட்டன. "ஆமா, அவங்க அப்பாரு கோயில்ல..." என்று ஆரம்பித்தார். வாழ்நாளெல்லாம் வாய் திறக்காதவர், திறந்த நேரத்தைப் பாருங்கள்!

"சும்மா இருங்க" என்றாள் சின்னம்மா. மாக்சிக்கைப் பார்த்தாள். "எனக்கு அந்தப் பேச்செல்லாம் தெரியாது, மாக்சிக். ஊர்ல அத ஆட்டி வெக்கிறது பாகன். கால்ல சங்கிலி கெடக்கும். நான் பழம் குடுப்பேன், அவ்வளவுதான். இங்கயும் அப்புடியேன்னு நெனச்சிட்டேன்."

மாக்சிக் அதைச் சொன்னதும் இளைஞர்கள் சத்தம் போட்டார்கள். வாழையைத் தொலைத்தவர்கள் அல்லவா? தலைவர் கையை உயர்த்தியதும் அடங்கினார்கள். அவர் சிரித்துவிட்டார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். நாங்களும் முட்டாள்கள், நீங்களும் முட்டாள்கள் என்று சொன்னாராம். பிறகு சொன்னதை மாக்சிக் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"இந்தக் காட்டுக்குக் கெடுதல் செஞ்சவங்களுக்கு அபராதம் இல்ல. முறைதான். இனிமே உங்க லயத்துக்கும் முறை. நீங்களும் காவல் நடக்கணும். வருசக் கடசில காட்டுல பழுக்குற பலா எல்லாம் நாங்க எடுக்க மாட்டோம், பெரியவங்களுக்கு விட்டுடுவோம். ஆத்துப் பக்கம் தீனி இருந்தா அங்க போகும். ஆனா பழுக்க இன்னும் நாள் இருக்கு. அது வரைக்கும் கானத் தாண்டாம பாத்துக்கணும், அதுதான் எப்புடின்னு தெரியல. சத்தம் போட்டா சோறுன்னு வருது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த சின்னம்மா தன் கையை விரித்துப் பார்த்தாள். "இந்தக் கைதான பழம் போட்டுச்சு?" என்றாள். "இந்தக் கையில கல்ல எடுத்தா அதுக்குப் புரியும்." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "சாமிய எப்படி மாக்சிக் கல்லால அடிக்கிறது?"

மாக்சிக் அவள் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள்.

நாங்கள் லயத்துக்குத் திரும்பிச் சொன்னதை அப்பா எல்லாரிடமும் எடுத்துச் சொன்னதும் பாதிப் பேர் காவல் முறைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலாய்க்காரன் காட்டுக்கு நாம் எதற்கு நடக்க வேண்டும் என்றார்கள். முதலில் சரி என்றவர் மண்டோர். மரத்தில் ஏறியிருந்தபோது நிறைய யோசித்திருப்பார் போல. தப்பை எடுத்துக் கோயிலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். வெள்ளிக்கிழமைப் படையல் கல் பிள்ளையாருக்கே திரும்பப் போயிற்று.

வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். உயரமானவர், வெயிலில் சிவந்த கழுத்து. கரை சரிந்த இடத்துக்கு எதிரே ஒரு மடக்கு நாற்காலி போட்டு, துப்பாக்கியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சுத் துணைக்கென்று கிராணியாரை நிற்க வைத்திருந்தார்கள். மழை விட்டுப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பிள்ளைகள் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தோம். சின்னம்மா நேராக நடந்து போய்க் கானோரம் நின்றாள்.

"பிள்ளை, உள்ளுக்குப் போ. வெடி வைக்கிற இடம்" என்றார் கிராணியார். அவள் அசையவில்லை. வெள்ளைக்காரர் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்பதுபோலக் கையைக் காட்டினார். அவளைக் கண்டால் யானை வரும் என்று யாரோ அவரிடம் சொல்லிவைத்திருந்தார்கள்.

யானை வந்தது. குட்டி பின்னால் வந்தது. சின்னம்மாவைக் கண்டதும் தாய் தும்பிக்கையை நீட்டி மோப்பம் பிடித்து, வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. தெரிந்தவர்களைக் கண்டால் கொடுக்கும் சத்தம். சரிந்த கரையில் ஒரு காலை இறக்கியது.

சின்னம்மா குனிந்து ஒரு களிமண் கட்டியை எடுத்தாள். "பொறுத்துக்க, சாமி" என்றாள். எறிந்தாள். கட்டி யானையின் நெற்றியில் பட்டுக் கீழே விழுந்தது. யானை தும்பிக்கையால் அதை எடுத்தது, மோந்து பார்த்தது, வாய்வரை கொண்டுபோயிற்று. இவள் கொடுத்தது தின்பதாகத்தானே இருக்கும்? பிறகு கீழே போட்டுவிட்டு, அடுத்த காலையும் இறக்கியது.

வெள்ளைக்காரர் எழுந்து துப்பாக்கியைத் தோளில் பதித்தார்.

சின்னம்மா கானுக்குள் குதித்துவிட்டாள். இடுப்பளவு தண்ணீர். துப்பாக்கிக்கும் யானைக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையாலும் சேற்றை வாரி வாரி எறிந்தாள். "போடி! திங்கிறதுக்குன்னே பொறந்தவளே! வெக்கங்கெட்ட சிறுக்கி, இங்க உனக்கு என்னாடி இருக்கு? ஒருத்தி பழம் போட்டா வந்து நின்னுடுவியா? புள்ளயக் கூட்டிக்கிட்டு வந்து சாவப் போறியா? போ! போன்னு சொல்றேன்ல!" அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. குழாயடியில் எங்கள் பெண்கள் வருஷக்கணக்கில் பேசிச் சேர்த்த அத்தனை வசவையும், வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இந்தப் பெண் எப்போது கற்றுக்கொண்டாளோ தெரியவில்லை. கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, வசவு நிற்கவில்லை. கிராணியார் குடையால் தன் முகத்தை மறைத்துக்கொண்டார்.

யானை காதுகளை விரித்தபடி அசையாமல் நின்றது. சேறு கண்ணிலும் தும்பிக்கையிலும் பட்டது. குட்டி அலறியது. நான் மரப்பட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன், வலித்தது பிறகுதான் தெரிந்தது. யானை இறக்கியிருந்த காலைத் தூக்கியது. பின்னால் வைத்தது. அடுத்த காலையும் எடுத்தது. உடம்பைத் திருப்பிக் குட்டியைத் தும்பிக்கையால் முன்னால் தள்ளிக்கொண்டு புதருக்குள் போயிற்று. கிளைகள் முறியும் சத்தம் ஆற்றுப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. அதற்குப் பிறகும் சின்னம்மா கத்திக்கொண்டேதான் இருந்தாள், குரல் கட்டி வெறும் காற்று மட்டும் வரும்வரை.

வெள்ளைக்காரர் துப்பாக்கியை இறக்கினார். தமிழ் தெரியாதவர் அவர். கிராணியாரைப் பார்த்து, அந்தப் பெண் அதனிடம் என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். சின்னச் சின்ன மலாய்ப் பேச்சு எனக்கு அதற்குள் புரியத் தொடங்கியிருந்தது, அதனால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

கிராணியார் குடையை மடக்கினார். கானுக்குள் நின்று விம்மிக்கொண்டிருந்த சின்னம்மாவைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போகச் சொல்கிறாள்" என்றார்.